சென்னியப்பன் பெட்டியைக் காலி செய்த கதை

சென்னியப்பனுக்குப் ‘போ’ என்ற சொல் தனியாக வாயில் வராது. பின்னாலேயே ஒரு ‘வா’வும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். யார் வந்தாலும் ‘போயிட்டு வாங்க’ என்றுதான் அனுப்புவார். கொங்கு நாட்டில் எல்லாருமே அப்படித்தானே என்பீர்கள். சரிதான். ஆனால் கம்பெனிச் சுவர் ஏறிக் குதித்து ஓடிய திருடனையே பழக்கதோஷத்தில் ‘போயிட்டு வாங்க’ என்று வழியனுப்பிய மனிதர் அருள்புரத்தில் இவர் ஒருவர்தான். அவன் பாவம், மறுநாளும் வந்தான். அன்றைக்குத்தான் பிடித்தார்கள்.

அந்தப் பனியன் கம்பெனியில் சென்னியப்பன் ராத்திரி வாட்ச்மேன். மனைவி ஆயம்மாள் அதே கம்பெனியில் செக்கிங் செக்ஷன், பகல் ஷிப்ட். காலையில் அவள் கேட்டுக்குள் நுழைவாள், இவர் வெளியே வருவார்.

“போயிட்டு வரேனுங்க.”

“போயிட்டு வா புள்ள.”

பல வருஷமாக இதுதான் குடித்தனம். வாட்ச்மேனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. மகளைக் காங்கயத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவேளை சோறு தின்ன முடியவில்லை என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆயம்மாளுக்கு எரிந்தது.

இந்த லட்சணத்தில்தான் ஒரு வழி பிறந்தது. பகல் ஷிப்டில் பயிற்சி பெற்ற சேஃப்டி வார்டன் ஒருத்தர் வேண்டும் என்று பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் கறாராகச் சொல்லிவிட்டார். மேனேஜர் சசிகுமார் சென்னியப்பனைக் கூப்பிட்டார்.

“ரயில்வேக்காரங்க மாக் டிரில் நடத்தறாங்க. பெட்டியில தீப்புடிச்சா ஜனங்கள எப்படி வெளிய எறக்கறதுன்னு ஒத்திகைங்க. பப்ளிக்கும் கலந்துக்கலாமாம். நம்ம ஆளுக பயணிகளா ஒக்காருவாங்க. நீங்க கதவுகிட்ட நின்னு எறக்கி உடோணும். ஆபீசர் சரின்னுட்டா பகல் வேலை உங்களுக்குத்தானுங்க.”

ஆயம்மாள் முதல் ஆளாகப் பயணியாகப் பேர் கொடுத்தாள். வெயிலில் புருஷனோடு ஒரு நாள் நிற்கலாமே என்ற ஆசைதான், வேறென்ன?

ஸ்டேஷனின் ஓரத்தில் ஒதுக்குத் தண்டவாளத்தில் பழைய பெட்டி ஒன்று நின்றது. ரயில்வே ஆபீசர் மகுடேஸ்வரன் கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக விளக்கினார். “புகை வந்ததும் பையி, டிபன் டப்பா எதையும் எடுக்கப்படாது. எல்லாரையும் எறக்கி உட்டுட்டு, கதவுகிட்ட நிக்கறவரு கடைசியா எறங்கோணும். தெரிஞ்சுதுங்களா?”

“ஆகட்டுங்க சாமி” என்றார் சென்னியப்பன்.

விசில் அடித்தது. புகை கிளம்பியது. சென்னியப்பன் கதவோரம் கல்யாண மண்டப வாசலில் நிற்பவரைப் போல இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஆரம்பித்தார்.

“பார்த்து எறங்குங்க, போயிட்டு வாங்க. அம்மணி, போயிட்டு வாங்க.”

உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒச்சம்மாள் பாதிப் படியில் நின்று திரும்பினாள். “ஏய்யா, போகச் சொல்றியா, வரச் சொல்றியா? ஒண்ணச் சொல்லுய்யா!” பின்னால் வந்த பீகார்க்காரருக்குத் தமிழில் தெரிந்தது ‘வாங்க’ என்ற ஒரே சொல். அதைக் கேட்டதும் இறங்கியவர் அடுத்த கதவு வழியாக மறுபடி ஏறிக்கொண்டார். மங்கலத்துக்காரர் இருவர் வழியை அடைத்துக்கொண்டு, “நீங்க மொதல்ல எறங்குங்க”, “இல்லீங்க, பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் எப்படிங்க” என்று புகைக்கு நடுவில் மரியாதை கொண்டாடினார்கள். வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மனுஷன் இவ்வளவு வருந்திக் கூப்பிடுகிறாரே என்று ஏறிவிட்டார்கள். நேரம் முடிந்தபோது பெட்டியில் முதலில் இருந்ததைவிடக் கூட்டம் அதிகம்!

மகுடேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார். அவரும் கோபிசெட்டிபாளையத்துக்காரர்தானே, திட்டும்போதும் மரியாதை விடவில்லை. “ஏனுங்க, நெசத் தீயா இருந்தா இந்நேரம் எல்லாரும் கருகியிருப்பாங்களேங்க! ‘போங்க’ன்னு மட்டும் சொல்லுங்க. ‘வாங்க’ வேண்டவே வேண்டாம். இன்னொரு தடவைதான், அவ்வளவுதானுங்க.”

சசிகுமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சென்னியப்பன் முகத்தில் ஈயாடவில்லை. பகல் வேலை கைநழுவுவது அவருக்குத் தெரிந்தது.

இரண்டாவது விசில். சும்மா சொல்லக்கூடாது, இந்தமுறை பல்லைக் கடித்துக்கொண்டு, கஷாயம் குடிக்கிற மாதிரி ஒவ்வொரு ‘போங்க’வாக வெளியே தள்ளினார். பெட்டி நன்றாகவே காலியாகிக்கொண்டு வந்தது. ஆயம்மாள் கதவுக்கு வந்தாள்.

“போயிட்டு வரேனுங்க” என்றாள். வாய்ப்பழக்கம்.

“போ...” என்றார். மேலே வரவில்லை. “எறங்கு புள்ள.”

“பொகைக்குள்ள நின்னுக்கிட்டு வெறும் ‘போ’ன்னு சொன்னா நல்லாவாங்க இருக்குது? முழுசாச் சொல்லுங்க, எறங்கறேன்.”

“ஆபீசர் பாக்கறாரு புள்ள!”

“பாக்கட்டுமே.”

பின்னால் நெருக்கியடித்த வரிசையிலிருந்து ஒச்சம்மாள் கத்தினாள். “அடியாத்தி, புருசன் பொண்டாட்டி பேச இதுதானா நேரம்? வெளிய போய்ப் பேசுங்க தாயி!”

சென்னியப்பன் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். பிறகு பொண்டாட்டியைப் பார்த்தார். புகையில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. காதோரம் மொத்தமாக நரைத்திருந்தது. இது எப்போது நரைத்தது? கேட்டோரத்தில் தினமும் பார்த்த முகம்தானே, எப்படிக் கவனிக்காமல் விட்டோம்?

“வா புள்ள, ரெண்டு பேருமே போலாம்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

கதவில் மரியாதை செய்ய ஆளில்லாததால் மற்றவர்கள் தடதடவென்று இறங்கி, பெட்டி நொடியில் காலியாகிவிட்டது.

“டைம் ரொம்ப நல்ல டைமுங்க” என்றார் மகுடேஸ்வரன் சசிகுமாரிடம், சிரிப்பை அடக்க முடியாமல். “ஆனா கடைசியா எறங்க வேண்டிய ஆளு, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு நடுவுலயே ஓடிட்டாருங்களே!”

சசிகுமாருக்குச் சிரிப்பு வரவில்லை. “வார்டன் வேலை உங்களுக்கு இல்லீங்க” என்றார் சென்னியப்பனிடம்.

ஆயம்மாள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். “என்னாலதானுங்க, எல்லாம் என்னாலதான்.”

“அழுகாதீங்க, இன்னும் இருக்குது” என்றார் சசிகுமார், கோபம் தணியாமல். “இனி ராத்திரிக் காவலும் வேண்டாம். தீப்புடிச்சா மொதல்ல ஓடற ஆளை நம்பி நான் கம்பெனியப் பூட்டிட்டுப் போவ முடியாது. நாளையிலிருந்து பகல்ல ஆபீஸ் வாசல்ல நின்னு, வர்ற பையருங்கள வாங்கன்னு கூப்புடுங்க. அதையாச்சும் உருப்படியாப் பண்ணுவீங்க.”

சென்னியப்பன் தண்டனை கிடைத்ததாகவே நினைத்துத் தலை குனிந்து நின்றார். ஆயம்மாளுக்குத்தான் முதலில் விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

மறுநாள் சாயங்காலம் இருவரும் ஒன்றாக வீடு திரும்பி, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். “உப்புப் பத்துதுங்களா?” என்று அவள் கேட்டாள். “பத்துது” என்று இவர் சொன்னார். அதையே இன்னும் இரண்டு தரம் கேட்டாள், இவரும் சொன்னார்.

அதற்கடுத்த காலை செக்கிங் டேபிளில் ஆயம்மாள் கண் சிவந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். “இந்த மனுசன் உடற கொறட்டைல ஊட்டு ஓடே பறக்குது. கண்ண மூட முடியலீங்க சாமி” என்று எல்லாரிடமும் புலம்பினாள்.

பக்கத்தில் பீஸ் பார்த்துக்கொண்டிருந்த நாகஜோதி பாவப்பட்டு, “அப்ப அண்ணன பழையபடி நைட்டுக்கே போடச் சொல்லி மேனேஜர்ட்டச் சொல்லவாக்கா?” என்றாள்.

ஆயம்மாள் நூல் வெட்டும் ட்ரிம்மரை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“சொல்லித்தான் பாரு கண்ணு. நாக்க அறுத்துப்போடுவேன்.”