வாசிக்காமல் விட்ட பெயர்

அண்ணன் எங்களை விட்டுப் போய், வருகிற அமாவாசையோடு ஓர் ஆண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதிக்கொள்வது. எங்கள் வீட்டில் இதை எழுத வேறு ஆள் இல்லை. அம்மா முன்னமே போய்விட்டார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவரே அண்ணன்தான் என்பதால், இதில் பிழை இருந்தால் பாதிப் பழி அவரையே சேரும்.

அண்ணன் பிறந்தது நிவித்திகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடுகளில் நான்காவது காம்பராவில். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா கொழுந்து பறித்தார். அண்ணனுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் இந்தப் பிள்ளை மலைக்கு வேலைக்குப் போய்க் காலில் அட்டை கடிக்கக்கூடாது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பு முடிந்ததும், யார் யாருடைய காலையோ பிடித்து இரத்தினபுரியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். தங்குவதற்கு டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், இடம் கொடுத்தார். காலையிலும் மாலையிலும் அண்ணன் அவர் கடையில் அரிசி நிறுத்துக் கொடுத்து, கடிதம் எழுதி, பேரேடும் எழுதினார். அப்படியே படித்து, கணக்கெழுதும் பரீட்சையில் தேறி, கையில் ஒரு சர்டிபிகேட்டோடு தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது.

வந்த அன்றைக்கு அம்மாவின் கூடையைக் கையிலே தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம். என் மொதச் சம்பளம் வந்ததும் இதத் தூக்கி அடுப்புல போட்டுருவேன்," என்றார். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு மாதம் என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

வேலை தேடிப் போவதற்கு அண்ணனுக்கு ஒரே ஒரு கோட்டு இருந்தது. நானா பழையதாக வாங்கித் தந்தது. அதைத் துவைப்பது என் வேலை. இஸ்திரிப் பெட்டி ஏது? செம்பில் தணலை அள்ளிப் போட்டுத் தேய்ப்பேன். கலவானைப் பக்கத்துத் தோட்டங்கள், பலாங்கொடைப் பக்கம், கேகாலைப் பக்கம் என்று அண்ணன் நடக்காத ரோடு இல்லை. காலையில் தேய்த்த கோட்டோடு போவார். மறுநாளோ அதற்கு மறுநாளோ கசங்கிய கோட்டோடு வருவார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், நாங்கள் கேட்கமாட்டோம்.

எல்லா ஆபீசிலும் ஒரே கேள்விதான். துரைமார் இங்கிலீசில் எக்ஸ்பீரியன்ஸ் கேட்டார்கள். சிங்களக் கிளாக்கர், "பளபுருத்த தியெனவத?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துப் பெரிய கிளாக்கர், "தம்பி, உமக்கு முந்தி எங்கையாவது வேலை செய்த அனுபவம் இருக்கோ?" என்று மரியாதையாகவே கேட்டார். நானா கடையில் நான்கு வருடம் கணக்கெழுதியதைச் சொன்னால், அது கடைக் கணக்கு, தோட்டக் கணக்கு வேறு என்றார்கள். தோட்டத்தில் வேலை செய்யாதவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை என்றால், முதல் கிளாக்கர் எங்கிருந்து வந்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அண்ணன் அப்போதெல்லாம் கேலி பேசுவார். "அனுபவம் எந்தக் கடையில விக்குதுன்னு நானாகிட்டயே கேட்டுட்டேன் தங்கச்சி. அவரு கடையிலயும் ஸ்டாக் இல்லையாம்," என்றார் ஒரு நாள். அந்தக் கேலியும் வரவரக் குறைந்தது.

கலவானைப் பக்கத்தில் ஒரு பெரிய கிளாக்கர், "ஆறு மாசம் சம்பளமில்லாமல் நின்று பழகும், பிறகு பாப்பம்," என்றார். அண்ணன் எட்டு மாதம் நின்றார். வீட்டிலிருந்து அரிசியும் கருவாடும் கொடுத்தனுப்பினோம். எட்டாம் மாத முடிவில் அந்த இடத்துக்குப் பெரிய கிளாக்கரின் மச்சான் வந்து உட்கார்ந்தார். பழகியதற்கு ஒரு துண்டுக் கடிதம் கேட்டார் அண்ணன். சம்பளம் வாங்காதவருக்குச் சர்டிபிகேட் எழுத வழியில்லையாம். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கு அந்த மச்சானை இன்றைக்குக் கண்டாலும் இரண்டு வார்த்தை கேட்கத் தோன்றும்.

இப்படி மூன்று வருடம் போனது. பிறகு எங்கள் தோட்டத்திலேயே ஒரு வழி பிறந்தது. செக்ரோல் எழுதுகிற கிளாக்கர் காய்ச்சலில் படுத்து ஊருக்குப் போய்விட்டார். ஆட்களின் பெயரையும், யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்பதையும் பதிகிற பெரிய புத்தகம்தான் செக்ரோல். தலைக்கங்காணி துரையிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னார். துரையும், "ஒரு மாசம் பார்ப்போம். சரியா இருந்தா இருக்கட்டும்," என்றார். லயத்தில் பிறந்த பிள்ளை ஆபீஸ் நாற்காலியில் உட்காருவதை அதுவரை எங்கள் தோட்டத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. பெரிய கிளாக்கருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு மாதத்தில் அண்ணனின் புத்தகத்தில் அவரால் ஒரு குற்றம்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாத முடிவில், ஆட்களை வரிசையில் நிறுத்திச் சம்பளம் கொடுக்கும் பெரட்டு வந்தது. ஆபீஸ் முற்றத்தில் மேசை போட்டுத் துரை உட்கார்ந்திருந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் அப்போது பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்த அரைப்பேர்க்காரி. பெண்கள் வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். வழக்கமாகப் பெயர் வாசிப்பவர் பெரிய கிளாக்கர். அன்றைக்கு அவர் செக்ரோலை அண்ணன் பக்கம் தள்ளி, "நீரே வாசியும்," என்றார். வேண்டுமென்று செய்தாரா, தொண்டை சரியில்லாமல் செய்தாரா, கடவுளுக்குத்தான் தெரியும்.

அண்ணன் நல்ல குரலில் வாசித்தார். பெயரைக் கேட்டவர்கள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேசைக்குப் போனார்கள். கவ்வாத்துக் கூட்டம் வந்தது. அப்பாவுக்கு முந்திய பெயரை வாசித்தார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அப்பாவுக்கு அடுத்த பெயரை வாசித்தார்.

எங்கள் சனங்களிடையே பெற்றவரின் பெயரைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தகப்பன் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருக்கிறவன்தான் எழுந்து சொல்வான். செக்ரோலில் ஐயா என்றோ அவர்கள் என்றோ கிடையாது. மொட்டைப் பெயர்தான். அந்த மாதம் முழுவதும் அண்ணன் அந்தப் பெயரைத் தினந்தோறும் எழுதியிருக்கிறார். எழுதுவது வேறு. முந்நூறு பேர் நிற்கும் முற்றத்தில், தலைத்துண்டை எடுத்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற தகப்பனை மொட்டையாகக் கூப்பிடுவது வேறு.

எல்லாரும் போன பிறகு அப்பா மட்டும் தனியாக நின்றார். துரை பார்த்துவிட்டார். "அந்த ஆள் ஏன் நிக்கிறான்? பேர் கூப்பிடலையா?"

அண்ணன் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "கூப்பிட்டாங்க தொரை. எனக்குத்தான் காது மந்தமுங்க. கவனிக்காம நின்னுட்டேன்."

கூப்பிட்டபோது வராதவருக்கு அடுத்த மாதம்தான் சம்பளம். அது தோட்டத்துச் சட்டம். துரை செக்ரோலை மூடச் சொன்னார். அண்ணன் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஒரு மாதச் சம்பளம் பிந்தும், அவ்வளவுதான். வேலை நிலைத்திருக்கும். அப்பா அவரைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சியதை நான் பார்த்தேன்.

"அவருக்குக் காது நல்லாக் கேக்கும் சார். நான்தான் கூப்பிடல. அவர் எங்க அப்பா," என்றார் அண்ணன்.

துரை அப்பாவின் சம்பளத்தை அப்போதே கொடுக்கச் சொன்னார். அதில் அவர் நியாயமாகத்தான் நடந்தார். ஆனால் ஒரு பெயரைத் தாண்டி வாசிக்கிறவன் நாளைக்கு எதையும் தாண்டுவான் என்றார் பெரிய கிளாக்கர். அனுபவம் இல்லாத ஆளைப் போட்டால் இப்படித்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அண்ணனுக்கு ஆபீஸ் இல்லை. சர்டிபிகேட்டும் இல்லை.

தலைக்கங்காணி, "இன்னொரு தரம் தொரைகிட்டச் சொல்லிப் பாக்குறேன்," என்று சொல்லியிருந்தார். அதை நம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா லயத்து வாசலில் தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கையைக் கட்டி நின்றார். "என்னய அப்பான்னு நெனைக்காத. செக்ரோலப் பாத்துப் படிக்கிற மாதிரி நெனைச்சுக்க. சொல்லு. பழகுனா வந்துரும்."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா புருஷன் பெயர் காதில் விழக்கூடாது என்று உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"முடியலப்பா," என்றார் அண்ணன்.

"எங்கேருந்துடா வந்துச்சு ஒனக்கு இந்தப் பிடிவாதம்," என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கங்காணி பேசிய பேச்சும் எடுபடவில்லை.

அதன் பிறகு வந்த ஆறு வருடத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ரப்பர் விலை விழுந்தது, தேயிலை விலையும் விழுந்தது. அனுபவம் இருந்த கிளாக்கர்களையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுபவம் இல்லாதவரை யார் கூப்பிடுவார்கள்? அண்ணன் நானா கடையிலேயே இருந்தார். "தம்பி, நீங்க எழுதின கணக்குல இதுவரைக்கும் ஒரு பிழை ஈந்ததில்ல. எனக்குப் போதும். தோட்டத்துக்காரனுக்குப் போதாதெண்டா நான் என்னத்தச் செய்ய?" என்பார் நானா. கடையில் கிடைத்தது அண்ணனின் சாப்பாட்டுக்கும் எங்களுக்கு மாதம் ஒரு மூட்டை அரிசிக்கும் சரியாக இருந்தது. அம்மா மலைக்குப் போவது நிற்கவில்லை. அந்த ஆறு வருடத்தின் நான்காவது மழைக்காலத்தில் சளியோடும் காய்ச்சலோடும் கொழுந்துக்குப் போனவரை மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டார். கொள்ளி வைத்துவிட்டு வந்த அண்ணன் அந்தக் கூடையைக் கொல்லைப்புறத்தில் வைத்து எரித்தார்.

கடைசியில் நானாவின் சம்பந்தி ஒருவர் மூலமாக ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஆள் தேடுவதாகத் தெரிந்தது. ரயிலில் அவிசாவளை போய், அங்கிருந்து நடந்து போனார். அங்கேயும் அனுபவம் கேட்டார்கள். "ஒரு மாசம்," என்று உள்ளதைச் சொன்னார். ஏன் விட்டாய் என்றார்கள். அதையும் ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பெரிய கிளாக்கர், "இங்க ஒங்கப்பா இல்லத்தானே? அப்பச் சரி," என்று அரைச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டாராம். அண்ணன் இதைச் சொல்லும்போது வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அங்கே மூன்று வருடம் வேலை செய்தார். எனக்குக் கலியாணம் செய்து வைத்தார். தனக்கு என்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை.

போன வருடம் மலேரியாக் காய்ச்சல் வந்தபோது ருவான்வெல்லை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் அவர் பக்கத்தில் இருந்தேன். உறவுக்காரர்கள் பார்க்க வந்து, தகப்பன் பெயரைச் சொல்லாமல் வேலையை விட்ட பிள்ளை என்று நர்சிடம்கூடப் பெருமையாகச் சொன்னார்கள். நீங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் போன பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் பெருமையாப் பேசுறாங்க தங்கச்சி. நான் ஒரு நாளும் பேசினதில்ல. அன்னைக்கு அந்தப் பேரச் சொல்லித் தொலைச்சிருக்கணும். அப்பா ஒண்ணும் கொறஞ்சு போயிருக்க மாட்டாரு. அம்மாவ மலையிலேருந்து எறக்கியிருப்பேன்."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மூன்று நாளைக்குப் பிறகு, விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் உயிர் பிரிந்தது. அண்ணன் சொன்னது சரியா தப்பா என்று இந்த ஒரு வருடமாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. களைத்துப்போய்விட்டேன்.

அண்ணனுக்குச் சோறும் இடமும் கொடுத்த நானா குடும்பத்தாருக்கும், எங்களுக்காக இரண்டு முறை துரையிடம் பேசிய தலைக்கங்காணி அவர்களுக்கும், அரைச் சம்பளத்துக்காவது நாற்காலி கொடுத்த ருவான்வெல்லைப் பெரிய கிளாக்கர் அவர்களுக்கும், காய்ச்சல் ஒட்டும் என்று பயப்படாமல் அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிப்போன ரப்பர்த் தோட்டத்து ஆட்களுக்கும், மலைப்பாதையில் மழையோடு நடந்து வந்து இன்றைக்கு எங்கள் வீட்டில் கை நனைத்த உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஓர் உபகாரம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அப்பா இந்த மலரை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். தன் பெயரைச் சொல்லாத பிள்ளையின் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பதில் அவருக்கு ஒரு நிறைவு. தாராளமாக வாசியுங்கள். ஆஸ்பத்திரியில் அண்ணன் என்னிடம் சொன்ன இடத்தை மட்டும் தாண்டி வாசியுங்கள்.