வெளிர்நிற எரிமலை

சின்னமனூர்ப் பள்ளியொன்றின் அறிவியல் கண்காட்சிக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியனான நான் நடுவராகச் சென்றேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தான் செய்த எரிமலையின் பாறைகளுக்கு வெளிர்நிறம் தீட்டியிருந்தாள்.

"எரிமலைப் பாறை கருமையாக அன்றோ இருக்கும்?"

"கண்டத்தோட மேலோடு உருகி வர்ற குழம்பு இறுகுனா வெளுத்துத்தான் இருக்கும்யா."

"தவறு" என்று அனைவர் முன்னிலையிலும் உரைத்து, மாவட்டப் போட்டிக்குரிய பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்து நீக்கினேன்.

மறுநாள் நூலகத்தில் புரட்டிய நூலொன்று அவள் கூற்றே மெய்யென்றது. பள்ளிக்கு விரைந்தேன், பட்டியல் அதற்குள் அனுப்பப்பட்டிருந்தது. அவளைத் தனியே அழைத்து, "பிழை என்னுடையது, அம்மா" என்றேன்.

"தப்புன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னீக. சரின்னு மட்டும் தனியா வந்து சொல்றீகளேய்யா?"

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச நான் இசைவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எத்தனையோ மேடைகளில் முழங்கிய எனக்கு, பிழைசெய்தேன் என்று அந்தப் பிள்ளைகள் நடுவே நின்று சொல்ல இன்றளவும் துணிவு வரவில்லை.