பத்து நிமிஷத்தில் காய்ந்த இடுப்பு

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில், நடை பழக்குகிற பெண் நாலுகால் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தாள். என் மனைவியைக் கட்டிலிலிருந்து இறக்கி நிற்க வைக்கப்போகிறாளாம். நான் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"யாரைக் கேட்டு எறக்குதே? வெளிய போ."

நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். சட்டி சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி வந்தவன். குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்கள் தங்குகிற லாட்ஜுகளில் எத்தனையோ என் கையால் எழும்பியவை. பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர்கள் என் தளத்தில் ஏறி நின்று பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். தளம் போட்டால் பதினாலு நாள். மேலே தண்ணீர் நிற்க வேண்டும், கீழே முட்டு நிற்க வேண்டும். பதிமூணாம் நாள், தளத்தைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகையில் கை வைத்தவனை அன்றைக்கே விரட்டியவன் நான். இவளா என்னிடம் வந்து மறுநாளே பாரம் ஏற்றச் சொல்கிறவள்?

என் மனைவி விழுந்தது எங்கள் வீட்டு வாசலில்தான். தெருவிலேயே முதல் கிரானைட் படி என்னுடையது, முகம் பார்க்கலாம். சாரல் ஈரத்தில் வழுக்கிவிட்டாள். தொடையெலும்பு இடுப்பில் சேருகிற இடத்தில் முறிந்துபோயிற்று. தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சாமானை என் கையில் கொடுத்து விளக்கினார். மேலே உருண்டைத் தலை, கீழே ஈட்டி மாதிரித் தண்டு. முறிந்த தலையை எடுத்துவிட்டு இதை எலும்புக் குழலுக்குள் இறக்குவார்களாம்.

"உடம்புக்குள்ள உப்புத் தண்ணிதானே. துரு பிடிக்காதா?" என்றேன்.

கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம், மேலே கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று தானாகவே உண்டாகி அரிக்க விடாமல் காக்கும் என்றார். சரி, இரும்பு பார்த்தவன் நான், அது விளங்கியது. தண்டுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை எதால் அடைப்பீர்கள் என்றேன். மாவும் திரவமும் கலந்து பிசைந்து அடைப்போம் என்றார். போன் சிமெண்ட் என்று பேராம், ஆனால் நம் சிமெண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அக்ரிலிக்காம்.

"ஒங்க பல்செட்டுல ஈறு ரோஸா இருக்குல்லா? அதோட பங்காளி. பத்து நிமிஷத்துல இறுகிரும். மறுநாளே நிக்க வச்சிருவோம்."

பேர் எதுவாகவும் இருக்கட்டும். கலந்து அடைக்கிற எதற்கும் காய நாள் வேண்டும். அவள் வலியில் முனகிக்கொண்டு கிடந்ததால் அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள்தான் நாற்காலியைப் போட்டேன்.

அன்றைக்கு முழுதும் யாரையும் கிட்ட விடவில்லை. அவளும் மருந்து மயக்கத்தில் கிடந்தாள். அடுத்த நாள் டாக்டரே வந்தார்.

"ஐயா, இப்படியே படுத்திருந்தா நெஞ்சுல சளி கட்டும், முதுகுல புண்ணு வரும், கால்ல ரத்தம் உறையும். இந்த வயசுல படுத்தவங்க எந்திரிக்காமலே போயிருவாங்க. அதுக்குத்தான் காத்திருக்கியளா?"

"நீரு ஒரு கட்டடம் கட்டியிருக்கீரா?"

"இல்ல. நீங்க ஒரு இடுப்பு மாத்தியிருக்கியளா?"

அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். அவர் பையிலிருந்து வெள்ளையாக ஒரு கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவளுக்குக் கலந்ததில் மிச்சம், இறுகுகிறதா என்று பார்க்கக் கையில் வைத்திருந்ததாம். விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

வெளியே கொண்டுபோய்ச் சாவியால் கீறினேன். காம்பவுண்டுச் சுவரில் வைத்துக் கல்லால் மூன்று போடு போட்டேன். சுவரில்தான் பூச்சு உதிர்ந்தது. பொருள் நல்ல பொருள்தான். ஆனால் அந்த ஆளிடம் போய் அதைச் சொல்ல எனக்கு மனசில்லை. திரும்பிவந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஸ்டாண்டோடு சுவரோரம் நின்றாள். என் மனைவி காலையிலிருந்து இருமிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, பேசாமக் கெட. பதினாலு நாள் ஓடிரும்" என்றேன்.

"ஒங்க பல்செட்டுக்கு எத்தனை நாள் தண்ணி கட்டுனாவ?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் முறைத்தேன். என் மனைவி நிறுத்தவில்லை.

"வாசுதேவநல்லூர் போர்ட்டிகோவை மனசுல வச்சுக்கிட்டு என்னையக் கெடத்திப் போட்டிருக்கிய. எனக்குத் தெரியாதா?"

இத்தனை வருஷத்தில் அதை என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் யாருமில்லை. மேஸ்திரியான புதிது. வேறொரு வேலைக்குப் பலகை வேண்டுமென்று ஆறாம் நாளே சென்ட்ரிங்கைப் பிரித்தேன். போர்ட்டிகோ அப்படியே இறங்கிவிட்டது. நல்லவேளை, அடியில் ஆள் இல்லை. மணல் சரியில்லை என்று ஊர் முழுக்கச் சொன்னேன். அவளிடம் மட்டும் பொய் சொல்ல முடியவில்லை. பதினாலு நாள் சட்டமெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

"அது ஒங்க போர்ட்டிகோ. இது என் காலு. நாற்காலியை நகத்துங்க."

நகர்த்தினேன்.

அந்தப் பெண் கேரளத்துப் புனலூர்ப் பக்கத்துக்காரி. "பைய, அம்மச்சி, பைய" என்று தோளைத் தாங்கி இறக்கினாள். என் மனைவி இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பற்றினாள். நான் பின்னாலிருந்து அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"கையை எடுங்க."

"விழுந்துருவே."

"எடுங்கன்னா எடுங்க."

எடுத்தேன். நின்றாள். பிறகு ஒரு காலை முன்னால் வைத்தாள்.

டாக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "காஞ்சிருக்கா ஐயா?" என்றார். திமிர் பிடித்த ஆள். அவர் கொடுத்த கட்டியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உளியையும் சுத்தியலையும் எடுத்து, கிரானைட் படியை நானே உட்கார்ந்து சொரசொரவென்று கொத்தினேன். பாலிஷ் போக மனசு எரிந்தது. அவள் நிலைப்படியில் ஸ்டாண்டைப் பிடித்து நின்றுகொண்டு வேலை வாங்கினாள்.

"அங்கன விட்டுட்டிய. இன்னும் மினுங்குது, பாருங்க."