அரையே அரைக்கால் கிலோ வெல்லம்

அக்காவைக் குறிஞ்சிப்பாடியில் கட்டிக்கொடுத்த முதல் தீபாவளிக்கு அம்மா முறுக்கும் முந்திரிக்கொத்தும் சீராக அனுப்பினாள். "நோன்புக்கு அதிரசம் இல்லாம இன்னா சீரு? அடுத்த வருஷமாவது ஒழுங்கா வந்தா பொண்ணை அனுப்புறேன்" என்றாள் அக்காவின் மாமியார். அந்த ஒரு வருஷமும் அக்கா எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலை மிதிக்கவில்லை. பலகாரத்துக்காகப் பெண்ணைப் பிடித்துவைக்கும் மனுஷி!

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், அப்பாவின் வேலைக்காக இந்த டவுன்ஷிப்புக்கு வந்தவர்கள். எங்களுக்கு அந்தத் தீபாவளி நோன்பும் இல்லை, அதிரசப் பக்குவமும் தெரியாது. அடுத்த வீட்டு அம்மாள் நெல்லிக்குப்பத்துக்காரி. "படி அரிசிக்கு ஒண்ணேகால் கிலோ வெல்லங்க்கா" என்று சொல்லிக்கொடுத்தாள்.

அம்மா அரைப்படி அரிசி ஊறவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, பள்ளிக்கூடத்துல பின்னம் படிக்கேல்லா? அரைப்படிக்கு எவ்வளவு, சொல்லு."

ஒண்ணேகாலில் பாதி, எட்டில் ஐந்து. ஒரு தரத்துக்கு இரண்டு தரம் போட்டுப் பார்த்துத்தான் சொன்னேன். மந்தாரக்குப்பம் மளிகைக்காரர், "அரையே அரைக்கால் கிலோவா?" என்று அதையே பழைய கணக்கில் கேட்டு நிறுத்துக் கொடுத்தார்.

மாவு புளித்ததும் முதல் அதிரசத்தைத் தட்டிப் போட்டாள் அம்மா. அது எண்ணெயிலேயே கரைந்து போயிற்று. இரண்டாவதும் அப்படித்தான். நோன்பு அதிரசம் உடைந்தால் ஆகாது என்று வேறு சொல்லியிருந்தார்கள். "இந்த வருசமும் எம்மவளை விடமாட்டாவளே" என்று அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

அடுத்த வீட்டு அம்மாள் ஓடி வந்தாள். எங்கள் பித்தளைப் படியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? இதை எங்க ஊர்ல அரைப்படின்னுதான சொல்லுவோம்!"

எல்லா ஜில்லாக்காரர்களும் குடியிருக்கிற டவுன்ஷிப்பில் வீட்டுக்கு வீடு படி வேறாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றியது? என் கணக்கு சரி. ஆனால் அரிசிக்கு வேண்டியதைப் போல இரண்டு பங்கு வெல்லம் விழுந்திருந்தது, அதுவும் நிஜம்.

அவளே தன் வீட்டு நோன்புக்கு இடித்த ஈர அரிசிமாவை எங்கள் படியால் அரைப்படி அளந்து, எங்கள் மாவிலேயே கொட்டிப் பிசைந்தாள். அப்புறம் போட்டவை உடையாமல் சிவந்து வந்தன. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் அப்பா நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமலே டப்பாவோடு பஸ் ஏறினார். சாயங்காலம் தனியாக வந்தார்.

"அதிரசம் நல்லா இருக்குன்னாக. நோன்பு வேலை கிடக்காம், பொங்கலுக்குப் பாத்துக்கலாம்னுட்டாக."

அம்மா டப்பாவைத் திறந்தாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்று அக்கா ஒரு கை அரிசி போட்டிருந்தாள். அவள் கைக்கு அவ்வளவுதான் எட்டியிருக்கிறது. அம்மா அதைப் படியில் கொட்டிப் பார்த்தாள். அரைக்கால் படிகூட வரவில்லை.