நான் போட்ட முடிச்சு

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஐந்து பேரை. நாலு பேர் நான் பெற்றவர்கள். ஐந்தாவது ஆள் என் தம்பி. அம்மா கண்மூடிய நாளிலிருந்து என்னோடுதான். அவனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. பேச்சு வராது, வலக்கை விரல்கள் மடங்காது, இடையிடையே வலிப்பு வரும்.

கடலில் வளைத்துப் போட்ட கரைவலையைக் கரையில் நின்று இழுக்கும்போது அவனும் கயிற்றில் நிற்பான். இழுப்பவர்கள் இடுப்பில் ஒரு துண்டுக்கயிறு கட்டியிருப்பார்கள். அதன் நுனியை வலைக்கயிற்றில் சுற்றிக் கையால் பிடித்தபடி பின்னால் நடப்பார்கள். கையை விட்டால் கழன்றுவிடும். ஒருவரும் அதை முடிச்சுப் போட மாட்டார்கள்.

தம்பியின் கையில் அது நிற்காது. "அக்கா, உங்கட தம்பி சும்மாதான் நடக்கிறார். மீன்பங்கு மட்டும் வடிவா வாங்குறார்" என்று ஒருவன் சிரித்தான். எனக்குச் சுள்ளென்றது. எங்கள் வீட்டில் யாரும் சும்மா வாங்கித் தின்றதில்லை. அடுத்த நாள் காலை, மற்றவர்கள் வலை போட்டு வரும் வள்ளத்தைப் பார்த்து நிற்கையில், தம்பியின் துண்டுக்கயிற்று நுனியை வலைக்கயிற்றோடு இறுக்கி முடிந்துவிட்டேன்.

நாலு அடி வைக்கவில்லை, தண்ணீரோரத்திலேயே வலிப்பு வந்து விழுந்தான். பார்த்தவர்கள் பதறிப்போய்க் கயிற்றை விட்டுவிட்டார்கள். நீரோட்டம் வலையைப் பின்னுக்கு இழுக்க, கயிறு அவனையும் கொண்டுபோனது.

"பிடிங்கடா! விட்டா ஆள் போயிடுவான்!" வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கத்தினார்.

நான் அலைக்குள் விழுந்து முடிச்சைப் பிடித்தேன். ஈரத்தில் கல்லாகியிருந்தது. நகம் பிய்ந்தது. அவன் வாய்க்குள் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். சம்மாட்டி கத்தியோடு வந்து அறுத்தார்.

மணலில் அவனுக்கு மூச்சு வந்த பிறகு, "ஆர் இதை முடிஞ்சது?" என்று கேட்டார்.

நான் பிய்ந்த நகத்தைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தேன்.

"இவரேதான் முடிஞ்சிருப்பார். புத்தி அவ்வளவுதானே. இனி அனுப்பாதீங்கோ அக்கா" என்றார் சம்மாட்டி.

விரல் மடங்காதவன் எப்படி முடிச்சுப் போடுவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மகனும் அதை நம்பி வாசல் கேற்றைப் பூட்டினான். சாவியை நான்தான் இடுப்பில் சொருகியிருக்கிறேன். மூன்று மாதமாகத் தம்பி விடிந்ததும் கேற்றுக் கம்பியை இடக்கையால் இழுத்துக்கொண்டு நிற்கிறான். சோறு பாதியும் இறங்குவதில்லை.

அவனைத் தண்ணீரோரம் விட ஏலாது, சரி. மேலே மணலில் இருந்து கயிறு சுருட்ட ஒரு கை போதும். புத்தியில்லாதவன் என்று அடைத்து வைக்க ஏலாது. முடிச்சைப் போட்டது நான்.

மகனிடம் வாயால் சொல்ல வரவில்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டி இதையெல்லாம் நாலு நாளாய் எழுதினேன். இப்போது அவன் மகளைக் கூப்பிடுகிறேன்.

"பிள்ளை, இதை ஒருக்கா வாசி. மெல்ல இல்லை. அப்பா குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிக்கிறார், அவருக்குக் கேக்கோணும்."