டென்ட்டக்காவும் மூன்று துக்க முகாம்களும்

டென்ட்டக்காவின் கணவர் செத்துப்போனது முதலில் யாருக்கும் தெரியவில்லை. கடை வாசலில், வழக்கமான நாற்காலியில், வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கூடாரம், நாற்காலி, மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடும் கடை. அன்று வந்த ஒருவர், "கூட இருபது நாற்காலி சும்மா குடுங்க" என்று கேட்டார். பதில் இல்லை. "சரி, பத்து." அதற்கும் பதில் இல்லை. "அஞ்சாவது குடுங்களேன்." முகம் அசையவே இல்லை. "ஒண்ணும் வேணாம் சாமி, கல்லு மனசு உங்களுக்கு" என்று தோளைத் தட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. பேரத்தில் அவரை யாரும் ஜெயித்ததில்லை, கடைசிப் பேரமும் அவருக்குத்தான் என்று தெருவே பேசிக்கொண்டது.

டென்ட்டக்கா அழவில்லை. வீட்டு வாசலில் தங்கள் கடைக் கூடாரத்தையே போட்டிருந்தார்கள். ஒரு கம்பம் சாய்ந்திருப்பதைப் பார்த்தவள், ஆறுதல் சொல்ல வந்த ஒருத்தியை "கொஞ்சம் நகருங்க" என்று ஒதுக்கிவிட்டு, எழுந்துபோய் அதை நிமிர்த்தி வைத்தாள். அதற்கும் பேச்சு வந்தது. "புருஷன் போயிருக்கான், இவளுக்குக் கம்பம்தான் முக்கியம்" என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை. இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவள் கம்பத்தைப் பிடிப்பாள், அவர் கயிற்றைக் கட்டுவார். கம்பம் சாய்ந்தால் அது அவள் குற்றம், கயிறு அவிழ்ந்தால் அவர் குற்றம். அந்த வீட்டுச் சட்டமே அவ்வளவுதான்.

வீட்டில் மிஞ்சியது அவளும் நாத்தனாரும். நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளாதவள். கடைக்கு வரும் போனை எடுப்பதும் சமையலும் அவள் பொறுப்பு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உப்பு, மழை, வேன் டயர் என்று எல்லாவற்றையும் பேசுவார்கள். அவரைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். தவறிப்போய் ஒருத்தி "அண்ணனுக்கு இந்த மாதிரி வச்சா..." என்று ஆரம்பித்தால், மற்றவள் தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவப் போய்விடுவாள். அந்த வீட்டில் பாத்திரங்கள் அப்படிப் பளபளத்தது அதனால்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த டாக்டர் கடைக்கு வந்தாள். மனநல டாக்டர், சின்ன வயது, எதைச் சொல்வதற்கு முன்னாலும் மூச்சை நன்றாக இழுத்து விடுவாள். நாத்தனார் அவளுக்கு அன்றே 'மூச்சு டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டாள்.

"ஆறு கூடாரம் வேணும், மூணு நாளைக்கு. கடற்கரையில போடணும்."

"விசேஷமா, துக்கமா?" என்று கேட்டாள் டென்ட்டக்கா. விசேஷத்துக்குக் கலர்த் துணி, துக்கத்துக்கு வெள்ளை.

"துக்க முகாம். வீட்ல யாரையாவது இழந்த குடும்பங்க வந்து, ஒண்ணா தங்கி, மனசு விட்டுப் பேசுவாங்க."

டென்ட்டக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கூரையைப் பார்த்தாள். துக்கத்துக்கு ஆளைக் கூப்பிட்டுச் சேர்ப்பார்கள் என்று இருவரும் கேள்விப்பட்டதில்லை. "சமையலுக்கு ஆள் இருக்கா?" என்று மட்டும் நாத்தனார் கேட்டாள். ஆள் இல்லை. அப்படித்தான் இரண்டு பேருமே வேனில் ஏறினார்கள்.

கடல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் காற்று என்றால் அப்படி ஒரு காற்று. மணலில் கூடாரத்து முளைக்குச்சி நிற்காது. டென்ட்டக்கா மூட்டை மூட்டையாக மணலை நிரப்பிப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டினாள். அலைச் சத்தம் மனதை லேசாக்கும் என்று மூச்சு டாக்டர் எல்லோரையும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே வட்டமாக உட்காரவைத்தாள். மனைவியை இழந்த கடிகாரக் கடைக்காரர் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார். மெல்லிய குரல் அவருக்கு.

"என் சம்சாரம் போயிட்டா" என்றார்.

"எங்க போயிட்டாங்க?" என்று எதிரே இருந்தவர் கத்தினார்.

"மேல."

"மாடிக்கா?"

"செத்துட்டா" என்று கடிகாரக்காரர் அடித்தொண்டையிலிருந்து கத்தினார். அவர் ஆயுசிலேயே அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கமாட்டார். தூரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.  வட்டத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கத்த ஆரம்பித்தார்கள். மைக் செட்டை இறக்கலாமா என்று மூச்சு டாக்டரும் கத்திக் கேட்டாள். கேட்ட வேகத்தில் அவள் வாயில் ஒரு பிடி மணல் போனது. மறுநாள் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. நாத்தனார் மிளகு போட்டு வெந்நீர் காய்ச்சி மாளவில்லை. ஆனால் கடிகாரக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது, ஒரு மாதமாகத் தூங்காதவர், முந்தின ராத்திரி கட்டையைப் போலத் தூங்கியதாகச் சொன்னார். குரலே வரவில்லை, கையை வைத்துத்தான் சொன்னார்.

"இது நாம நினைச்ச மாதிரி அமைதியா இல்ல" என்றாள் மூச்சு டாக்டர். "அடுத்த தடவை மலைக்குப் போவோம்."

மலையில் அமைதிக்குக் குறைவில்லை. கண்ணுக்குத்தான் எதுவும் தெரியவில்லை. காலையில் இறங்கிய பனிமூட்டம் மதியம் வரை ஏறவில்லை. கூடாரத் துணி நனைந்து, மூன்று ஆள் கனம் கனத்தது. பிரிந்தவர்களை நினைத்து ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாகத் திட்டம். ஒரு பெட்டி தீக்குச்சியும் நமுத்துப்போனதுதான் மிச்சம். போதாததற்கு ரத்தம் குடிக்கும் அட்டைகள். துக்கத்தில் தலை குனிந்திருந்தவர்கள் எல்லாம் உண்மையில் தங்கள் கணுக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த முகாமுக்கு ஒரு மாமியாரும், அவளுடைய மகளும் மருமகளும் வந்திருந்தார்கள். மாமியாரின் மகன்தான் இறந்துபோனவன், மருமகளின் கணவன். 'நீ வந்த நேரம்தான்' என்று மாமியார் ஒரு வார்த்தையை விட்டுவிட, அன்றிலிருந்து மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு இல்லை. இரண்டாம் நாள் காலை, கெட்டியான பனியில், மாமியார் பெஞ்சில் பக்கத்தில் இருந்த உருவத்தை மகள் என்று நினைத்து, தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அவளப் பாக்கவே கூசுதுடி. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எம்புள்ள இருந்திருந்தா என்னை மன்னிச்சிருக்கமாட்டான்."

 உருவம் கிழவியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது.

டீ கொடுக்கப் போன டென்ட்டக்காவுக்கு அது மருமகள் என்று தெரியும். ஏனென்றால் மகள் சமையல் கூடாரத்தில் நாத்தனாரோடு உட்கார்ந்து காலில் உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். பனி விலகினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று டென்ட்டக்கா டீ டம்ளரோடு அங்கேயே நின்றுவிட்டாள். பனி விலகத்தான் விலகியது. மாமியார் நிமிர்ந்து பார்த்தாள்.  பிறகு, "உனக்கும் காலுல அட்டை ஏறியிருக்கு பாரு" என்று குனிந்து அதை எடுத்துப் போட்டாள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தாலும் டென்ட்டக்காவின் வீட்டில் பாத்திரங்கள் அதே பளபளப்போடுதான் இருந்தன. ஊரார் துக்கம் வேலை, நம் துக்கம் நம் துக்கம் என்று இருந்துவிட்டாள்.

மூன்றாவது முகாம் பொட்டல் வெளியில். கடலில் காது போனது, மலையில் கண் போனது, இங்கே எதுவும் போக வழியில்லை என்று மூச்சு டாக்டர் நம்பினாள். நல்ல கோடை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெடித்த மண், நடுவில் ஒற்றை முள்மரம். வெயில் ஏறியதும் எல்லோரும் அந்த மரத்தடிக்கே வந்து சேர்ந்தார்கள். நிழல் நகர நகர, நாற்காலிகளும் நகர்ந்தன. ஒருவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருப்பார், பாதியில் கால் சுடும், "ஒரு நிமிஷம்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மறுபக்கம் போட்டுவிட்டுத் தொடர்வார். உச்சிவேளையில் மூச்சை இழுக்கச் சொன்ன மூச்சு டாக்டர், உள்ளே போன அனலில் தானே இருமினாள். அழ நினைத்தவர்களுக்கும் கண்ணில் ஈரம் இல்லை. எல்லோரும் டென்ட்டக்காவின் பெரிய கூடாரத்துக்குள் போய்ப் பாயில் மல்லாந்து படுத்தார்கள்.

அப்போதுதான் சூறைக்காற்று வந்தது. தூரத்தில் ஒரு செம்மண் தூண் சுழன்று சுழன்று கிளம்பி, நேராக விலாசம் கேட்டு வந்ததுபோல் கூடாரத்துக்குள் நுழைந்தது. ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்தது. அடுத்ததும் அவிழ்ந்தது. துணி உப்பி மேலே எழும்ப, டென்ட்டக்கா ஓடிப்போய் நடுக்கம்பத்தைக் கட்டிப்பிடித்தாள். கம்பம் அவளையும் சேர்த்துத் தூக்கியது. கால் தரையை விட்டு எழும்பிய அந்த நொடியில் அவளுக்குள் இருந்த என்னவோ ஒன்றும் அவிழ்ந்துகொண்டது.

"இதான் நீங்க கட்டுற லட்சணமா?" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். "இருபத்திரண்டு வருஷம், நீ கம்பத்தப் பிடி, நீ கம்பத்தப் பிடின்னே சொன்னீங்களே, ஒரு நாளாவது அந்த முடிச்சைச் சொல்லிக்குடுத்தீங்களா? யாருகிட்டயும் சொல்லாம, வாய மூடிக்கிட்டு, நாற்காலியிலயே உக்காந்து போயிட்டீங்க. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா உள்ளதானே இருந்தேன்? நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?"

கூடாரம் பறந்துபோனது. அவள் மண்ணில் விழுந்தாள். எல்லோரும் பாயைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார்கள்.

சமையல் பக்கத்திலிருந்து கரண்டியோடு நாத்தனார் வந்தாள். "எங்கண்ணனை 'நீ'ங்கறது, 'மனுஷனா'ங்கறது, என்ன அண்ணி பேச்சு இது? அவிழ்ந்த கயிறு நீங்க கட்டினது. அண்ணன் கட்டினா நாளு கணக்கா நிக்கும்."

"அதத்தான் நானும் சொல்றேன். சொல்லிக்குடுக்கலயே."

"நீங்க கேட்டீங்களா?"

"எங்க கேக்க விட்டாரு? கேட்டா, உனக்கெதுக்கு அது, நான்தான் இருக்கேனேம்பாரு."

நாத்தனார் கரண்டியைத் தாழ்த்தினாள்.  உதடு கோணியது. "என்கிட்டயும் அண்ணன் அப்படித்தான் சொல்லும், அண்ணி" என்றாள். "பல்பு மாத்தக்கூட விடாது. இப்ப என் ரூமுல லைட்டு எரிஞ்சு எத்தனை மாசமாச்சு தெரியுமா?"

"இருட்டுலயா இருக்க? ஏன் சொல்லல?"

"சொன்னா அண்ணன் பேச்சு வருமேன்னுதான்."

கொளுத்தும் வெயிலில், செம்மண்ணில் ஒருத்தி உட்கார்ந்தபடியும், ஒருத்தி கரண்டியோடு நின்றபடியும் அழுதார்கள். பிறகு நின்றவளும் உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் மண் அப்பி, கண்ணீர் வாய்க்கால் வெட்டி ஓடியது. பார்க்க இரண்டு பேரும் அப்போதுதான் சேற்றில் நாற்று நட்டுவிட்டு வந்தவர்களைப்போல் இருந்தார்கள். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டார். அது தொற்றிக்கொண்டது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டும் இருந்தார்கள்.

மூச்சு டாக்டர் பக்கத்தில் வந்து குந்தினாள். "அக்கா, இந்த மூணு முகாம்லயும் இதுதான் நல்லா நடந்த கூட்டம்."

"கூடாரம் போச்சு" என்றாள் டென்ட்டக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு.

போன கூடாரம் முள்மரத்தின் உச்சியில் மாட்டியிருந்தது. அதை இறக்க எல்லோருக்கும் சாயங்காலம் வரை ஆனது. துணி பன்னிரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. கீழே உட்கார்ந்து ஆளுக்கொரு கிழிசலைத் தைத்தார்கள். மதியம் வரை வாய் திறக்காதவர்கள்கூட ஊசியில் நூல் கோக்கும்போது பேசினார்கள்.

அதற்குப் பிறகு முகாம்கள் நின்றபாடில்லை. எந்தக் குடும்பத்தை எங்கே அழைத்துப்போவது என்பதை மூச்சு டாக்டரும் டென்ட்டக்காவும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். பாதி நேரம் சண்டைதான். வீட்டில் மெல்லிய குரல்காரர்கள் அதிகம் என்றால் கடல். முகம் பார்க்கக் கூசுகிறவர்களுக்கு மலை. ஆற்றங்கரையையும் ஒருமுறை பார்த்தார்கள். அங்கே கொசு மட்டும்தான் நன்றாகப் பேசியது, விட்டுவிட்டார்கள். வீட்டிலும் சாப்பாட்டு நேரம் நீண்டுபோனது. அவருடைய பிடிவாதம், பேரம், குறட்டை என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். பாத்திரங்கள் காலை வரை ஊறிக் கிடக்கும்.

போனில் ஆள் சேர்ப்பது நாத்தனார்தான். குளிர் தாங்குமா, வெயில் ஒத்துக்குமா, வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று கேட்டுவைப்பாள். சமீபத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். நாத்தனார் கேட்டுக்கொண்டே இருந்தவள், போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள்.

"அண்ணி, இவங்க வீட்ல இன்னும் யாரும் சாகலையாம். புருஷனும் பொண்டாட்டியும் அஞ்சு வருஷமா சரியாப் பேசிக்கலையாம். மலை முகாம்ல சேத்துப்பீங்களான்னு கேக்குறாங்க."

டென்ட்டக்கா கயிறு சுற்றுவதை நிறுத்தி யோசித்தாள். "வேணாம்னு சொல்லு. வீட்லயே சண்டை போட்டுத் தீத்துக்கிடட்டும். இங்க வர்றவங்க ஒரு பக்கம்தான் பேச முடியும், அவங்களுக்கு இன்னும் எதிர்ப்பேச்சுப் பேச ஆள் இருக்கே."

நாத்தனார் போனைக் காதில் வைத்தாள். "இப்போதைக்கு இடம் இல்லைங்க" என்றாள்.