நாலாக நறுக்கிய மாத்திரை

மாத்திரை வேலை செய்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷம் ஒரு தமிழ் நாளிதழில் பிரதி திருத்தியவன் நான். சரிபார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னலருகே, ஒரே வெளிச்சத்தில் என் உச்சந்தலையைப் படம் எடுக்கும்படி மனைவியிடம் சொல்லியிருந்தேன். நான்காம் மாதம்வரை படங்களில் வித்தியாசம் இல்லை. ஆறாம் மாதம் பூனைமுடி தெரிந்தது. பத்தாம் மாதம் மண்டைத்தோலை முடி மறைத்துவிட்டது. முடி உதிர்வுக்கு மருந்து என்பதே மோசடி என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் படங்களை இப்போதும் காட்டுவேன்.

பக்கவிளைவும் இருந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து மனைவியின் பக்கம் திரும்பிப் படுக்கத் தோன்றுவது குறைந்தது. அப்போதுதான் நகரத்துக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். போக ஒரு மணி நேரம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம். பழியை நெடுஞ்சாலையின் மேல் போட்டோம். சிலருக்கு இப்படி ஆகலாம் என்று தோல் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அந்தச் சிலரில் நான் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முப்பத்தாறு வயதில் கண்ணாடியில் முடியைப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு.

மருத்துவர் எழுதித் தந்தது சிறிய மாத்திரை. தம்பானூரில் நான் வழக்கமாகப் போகும் மருந்துக்கடையில் ஒருநாள் அது இல்லை. அதே மருந்து, வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொந்தரவுக்குக் கொடுப்பது, ஐந்து மடங்கு அளவில் இருந்தது.

"சாறே, சின்னது ஸ்டாக் இல்லா. பெரிசு எடுக்கட்டே? நாலா முறிச்சா மதி. எல்லாரும் அங்ஙனதான் கொண்டுபோறாங்க."

அட்டைப்பெட்டி கிடையாது, உள்ளே வைக்கும் விவரத்தாள் கிடையாது. வெறும் மாத்திரைப் பட்டைதான் கைக்கு வந்தது. நாலாக உடைத்தால் போதும் என்று கடைக்காரர் மலையாளம் கலந்து சொன்னதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் வெட்டினால் மாத்திரை நொறுங்கியது. என் மனைவி கட்டட வரைபடம் போடுகிறவள், கை நடுங்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து, பிளேடால் ஒரு வாரத்துக்கானதை நாலு நாலாக நறுக்கி டப்பாவில் போட்டுத் தருவாள். தாளில் மிஞ்சும் தூளை விரலால் ஒற்றி எடுத்துக் குப்பைத்தொட்டியில் தட்டுவாள். எட்டு மாதம் அப்படித்தான் நடந்தது.

அவளுக்கு மாதக்கணக்கு எப்போதும் தாறுமாறு. அதனால் கர்ப்பம் என்று தெரியவந்தபோது பத்தாவது வாரம் ஆகியிருந்தது. முதல் பரிசோதனையில் மருத்துவர் அம்மா, வீட்டில் யார் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். எனக்குச் சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. முடிக்குச் சாப்பிடுவதை நான் மருந்து என்றே எண்ணியிருக்கவில்லை.

மனைவிதான் சொன்னாள். "இவர் தலைமுடிக்கு ஒரு மாத்திரை சாப்பிடுவார். நான்தான் வெட்டிக் குடுப்பேன்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "வெட்டிக் குடுப்பீங்களா? கையாலயா?"

உடைத்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. தோல் வழியாக மருந்து உள்ளே போகலாம். வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால், அதன் பிறப்புறுப்பு உருவாகிற வாரங்களில் கோளாறு வரலாம். அந்த வாரங்கள் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன. தோல் வழியாகப் போவது மிகக் குறைவு, ஆபத்துக்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று தன்னால் சொல்ல முடியாது. இவ்வளவையும் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். பிறகு என்னிடம், "நீங்க நிறுத்தணும்னு இல்ல. சின்ன அளவுலயே முழு மாத்திரையா வாங்குங்க. இவங்க தொட வேண்டாம், அவ்வளவுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கையை முழங்கைவரை கழுவினாள். அப்புறம் கேட்டாள்.

"ஊரான் எழுதினதுல ஒத்தத் தப்பு விடாமப் பிடிச்சீங்களே, மாத்திரையோட வர்ற அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கத் தோணலியா?"

தோன்றவில்லை. டப்பாவையும் பட்டைகளையும் அள்ளிக்கொண்டு தம்பானூருக்குத் திரும்பிப் போய், கடைக்காரரின் மேசைமேல் வைத்தேன். யாருக்கும் இதை உடைத்துக் கொடுக்கச் சொல்லாதீர்கள் என்றேன். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

முழு மாத்திரைக்கு அனுமதி இருந்தது. அலுவலக நண்பர்களும் அதையே சொன்னார்கள். "அண்ணா, டாக்டரே ஓகே சொல்லியாச்சு. அலமாரில பூட்டி வச்சுச் சாப்பிடுங்க." நியாயம்தான். ஆனால் என் மனைவி தொட அஞ்சுகிற ஒரு பொருளை, அவள் இருக்கும் வீட்டில் என் உச்சந்தலைக்காகப் பூட்டி வைக்க எனக்கு மனமில்லை. நிறுத்தினேன்.

ஐந்தாம் மாதம் ஸ்கேன். இங்கே ஆணா பெண்ணா என்று சொல்லப்பட மாட்டாது என்ற அறிவிப்பு சுவரில் இரண்டு மொழிகளில் இருந்தது. இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு, கைகால் எல்லாம் சரி என்றார் ஸ்கேன் மருத்துவர். மனைவி மாத்திரைக் கதையைச் சொல்லி, அதுவும் சரியா என்று கேட்டாள்.

"அதைப் பத்தி நான் வாயத் திறக்க முடியாதும்மா. சரின்னு சொன்னாலே என்ன பிள்ளைன்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

சட்டம் எதற்காக வந்ததென்று எனக்குத் தெரியும். அதற்கு ஆதரவாக எத்தனையோ செய்திக்குத் தலைப்பு போட்டிருக்கிறேன். அன்றைக்கு அது எங்களை நான்கு மாதம் காக்க வைத்தது.

அந்த மாதங்களில் முடி போயிற்று. மருந்தால் வந்தது மருந்தோடு போகும் என்று தோல் மருத்துவர் சொல்லியிருந்தார், அப்படியே நடந்தது. தலையணையில், சீப்பில், குளியலறைச் சல்லடையில். கூடவே நான் நெடுஞ்சாலையின் மேல் போட்டிருந்த பழி பொய் என்பதும் தெரிந்தது. அதே கழக்கூட்டம், அதே ஒன்றரை மணி நேரம். ஆனால் நான் பழைய மனிதனாகிவிட்டிருந்தேன். மனைவிதான் முதலில் கண்டுபிடித்துச் சிரித்தாள்.

ஏழாம் மாதம் ஒரு காலை, கரமனையில் சலூனுக்குப் போய் மொத்தத்தையும் எடுக்கச் சொன்னேன்.

"வேண்டுதலா சாறே?"

"இல்ல. வேண்டாம்னு எடுக்கேன்."

அப்பாவுக்கு அன்று சாயங்காலத்துக்குள் சேதி போய்விட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்து ஐம்பது வருஷம் ஆகியும், பக்கத்துத் தெருவில் இருக்கும் அவர் பேச்சு மட்டும் இங்கே குடிவரவில்லை. வாசலில் நின்றபடியே தொடங்கினார்.

"எலே, என்னலே இது கோலம்? நா உசிரோட இருக்கையில மொட்டயா? வயித்துப் பிள்ளக்காரிய வீட்ல வச்சுக்கிட்டு எவனாது தலையில கத்தி வைப்பானா? ஏழு மாசம் ஆயாச்சின்னா புருசங்காரன் முடியே வெட்டக் கூடாதுலே!"

"உங்க தலையில மட்டும் என்னப்பா இருக்கு?"

"அது தானாப் போச்சு. நீயா எடுத்திருக்க. பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஒன் மொட்டையாலதான், கேட்டியா?"

இவ்வளவு நாள் அவரிடம் சொல்லாமல் இருந்ததை அப்போது சொன்னேன். "மொட்டையால ஒண்ணும் வராதுப்பா. ஏதாவது வந்தா அது முடியாலதான் வந்திருக்கும்." மாத்திரை, தூள், மருத்துவர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "அந்தப் பிள்ளய ஒண்ணும் சொல்லிராத, என்ன? அது தெரியாம வெட்டிச்சு" என்றார். பிறகு அவர் மொட்டையை மறந்தார் என்று சொல்ல முடியாது. பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தொப்பி போடவில்லை. அலுவலகக் கூட்டங்களில் முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன்.

பிரசவ நாளில் நர்ஸ் வெள்ளைத் துணிச் சுருளோடு கதவைத் திறந்து, மலையாளத்தில் ஆண் குழந்தை என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நான் நர்ஸின் அருகே போனேன்.

"சிஸ்டர், துணிய விலக்கிக் காட்டுங்க."

"அதெந்தா, ஞான் பறஞ்சது போராதா? ஆண்பிள்ளைன்னு நம்பிக்கை வரலியோ?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகன்மேல் பித்துப் பிடித்த தகப்பன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

"காட்டுங்க, சிஸ்டர்."

காட்டினார். நான் நிதானமாகப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரை சரியாக இருந்தது. அது போதாது என்று குழந்தை மருத்துவரை வரவழைத்தேன். அவர் முழுவதும் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்று கேஸ் தாளில் எழுதினார். அந்தத் தாளை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

மனைவியை அறைக்குக் கொண்டுவந்ததும் அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. டாக்டர் எழுதியே குடுத்தாச்சு."

அவள் அழுதாள். நானும்.

மூன்றாம் நாள் தலையின் ஓரங்களில் முடி முள்ளாய் முளைத்திருந்தது. மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் சலூனுக்குக் கிளம்பினேன். குழந்தையை மடியில் வைத்திருந்த அப்பா நிமிர்ந்தார்.

"அதான் பிள்ள நல்லபடியாப் பொறந்தாச்சே, இனி வளக்கலாம்லா? இனியும் எதுக்குலே மொட்ட?"

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.